பாலத்துக்கு அவள் பெயர்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் விதையியல் ஆய்வு மாணவன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஆய்வக நண்பர்களோடு பக்கத்திலிருக்கும் பூன் என்ற சிற்றூருக்குப் போனேன். காரில் இருபது நிமிடம். ரயிலால் உண்டான ஊர் என்றார்கள். சுற்றுலா ரயிலில் ஏறி, மிக உயரமான ஒரு பாலத்தைக் கடந்தோம். 1881இல் ஒரு புயல் இரவில் கேட் ஷெல்லி என்ற சிறுமி ரயில் பாலத்தில் தவழ்ந்து போய் 200 பேரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார்கள். அந்தப் பாலத்துக்கே அவள் பெயர்தானாம். பழைய கரி என்ஜின் ஒன்றும் நின்றிருந்தது. படம் இணைத்திருக்கிறேன். அந்தக் காலத்துக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்து கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. சதுரம் சதுரமாகத் தெரு, நடுவில் தண்டவாளம், தானியம் சேர்க்கும் பெரிய குதிர்கள், சர்ச். இங்கே எல்லா ஊரும் இப்படித்தான். மொத்தமே 150 வருடம். நம்மூரில் ஒரு குளத்துக்கே ஆயிரம் வருடம் இருக்கும். கேட் ஷெல்லி கதை உண்மையா, ஊதிப் பெருக்கியதா? இப்படிப்பட்ட ஊருக்கு வரலாறு என்று எழுத என்ன இருக்கிறது? எழுதினால் தமிழிலா, ஆங்கிலத்திலா?

இன்னொன்று. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. இரவு முழுக்கத் தூரத்தில் ரயில் ஊதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வருவதில்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆர்.,
ஏம்ஸ்

*

அன்புள்ள ஆர்.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம்.

நீங்கள் ரயிலில் கடந்தது கேட் ஷெல்லி பாலம் இல்லை. அது பாஸ் பாயின்ட் ஓடைப் பாலம். 156 அடி உயரம், பயமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட் ஷெல்லி பாலம் ஊருக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் மெயின் லைனில் இருக்கிறது. அதில் சுற்றுலா ரயில் போகாது. நீங்கள் போன பாதை ஃபோர்ட் டாட்ஜ், டி மொயின் அண்டு சதர்ன் என்ற வேறொரு கம்பெனியுடையது. ஒரு காலத்தில் அதில் மின்சார ரயில் ஓடியது.

சரி, அந்த என்ஜினாவது பழசா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 8419 என்று எண் தெரிகிறது. சீனாவில் டாடோங் தொழிற்சாலையில் செய்தது. 1989இல் புத்தம் புதிதாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அக்கா இருந்தால் அவள் வயதுதான் அதற்கும் இருக்கும். மின்சார ரயில் பாதையில், சீனத்து என்ஜினைப் பார்த்து, வேறொரு பாலத்தில் உட்கார்ந்துகொண்டு 'அந்தக் காலத்துக்கே போய்விட்டேன்' என்கிறீர்கள். கட்டுரை ஓடாததில் ஆச்சரியமில்லை. பார்த்த பொருளுக்குப் பெயர் தெரியாமல் உணர்ச்சியை மட்டும் எழுதினால் மூன்றாவது பத்தியில் நின்றுபோகும்.

திட்டு இன்னும் முடியவில்லை. அந்தக் குளம். தன் ஊரை விட்டு வெளியே போன ஒவ்வொரு தமிழனும் கையோடு ஒரு ஆயிரம் வருடக் குளத்தை எடுத்துக்கொண்டு போகிறான். அதை வெட்டியது யார், எந்த ஊர் ஆட்கள், என்ன கூலி வாங்கினார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாது. குளத்துக்கு வயதிருக்கிறது என்று மட்டும் தெரியும். பூனில் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், எந்த மனை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பத்திரம் பத்திரமாகத் தேடிப் பார்க்கலாம். நீங்கள் போகவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டீர்கள்.

150 வருடம் என்பதும் தப்பு. பூனுக்குக் கீழே, ஆற்றுப் பள்ளத்தில் மொயிங்கோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதன் பெயரே இல்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். மொயிங்வேனா என்பது இந்த ஆற்றின் பக்கம் வாழ்ந்த ஒரு பூர்வகுடியின் பெயர். 1673இல் மிசிசிப்பி ஆற்று வழியாக வந்த மார்க்கெட், ஜோலியெட் என்ற பிரெஞ்சுப் பயணிகள் இருவரும் குறித்துக்கொண்ட பெயர்களில் அதுவும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது குறுகி 'மொயின்' ஆகி, ஆற்றுக்குப் பெயராகி, அப்புறம் தலைநகருக்கும் பெயராயிற்று என்பார்கள். 1842இல் சாக், மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்களிடம் மத்திய அயோவாவை எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று வருடத்தில் காலி செய்யச் சொன்னார்கள். மெஸ்க்வாக்கிகளில் சிலர் 1857இல் திரும்பி வந்து, டாமா என்ற இடத்தில் தங்கள் சொந்த மண்ணிலேயே 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஏம்ஸுக்குக் கிழக்கே, உங்களுக்கு இரவில் சத்தம் கேட்கிற அதே ரயில் பாதையில்தான் டாமாவும் இருக்கிறது. ஒன்றுமில்லாத ஊர்களாம்.

உங்களைத் திட்டினாலும், பூன் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பது உண்மை. ஒன்பது வருடம் முன்பு ஓர் அக்டோபரில் ஏம்ஸில் ஒரு நண்பர் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். அவர் காலையில் என்னை மொயிங்கோனாவில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாலைவரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்து, எழுதாமல் விட்டேன். இப்போது உங்கள் கேள்வியைச் சாக்காக வைத்து எழுதுகிறேன். கேள்வியை மறந்துவிட்டால் மன்னியுங்கள்.

ஊர் எப்படி உண்டாயிற்று என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1856இல் அமெரிக்கக் காங்கிரஸ் அயோவாவுக்கு ரயில் போட நிலம் கொடுத்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் ஆறு மைல்வரை, சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல். அதை விற்றுத்தான் தண்டவாளம் போட வேண்டும். ஆக ரயில் கம்பெனி என்பது பாதி நிலத்தரகுக் கம்பெனி. ஜான் பிளேர் என்று ஒருவர். நியூ ஜெர்சிக்காரர், பெரும் பணக்காரர். அயோவா நெடுக ஊர் ஊராக மனை பிரித்தார். 1865இல் பாதை இந்தப் பக்கம் வந்தபோது ஏற்கெனவே பூன்ஸ்பரோ என்ற ஊர், கவுண்டியின் தலைமையிடம், 1851இலிருந்து இருந்தது. அங்கே ஸ்டேஷன் வைத்தால் மனை விற்ற காசு ஊர்க்காரனுக்குப் போகும். பிளேர் அதற்குக் கொஞ்சம் கிழக்கே வெற்று நிலத்தில் கோடு போட்டார். மொன்டானா என்று பெயர். 1871இல் அதே மொன்டானா பூன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1887இல் பழைய பூன்ஸ்பரோவை விழுங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனின் பெயரை முதலில் எடுத்துக்கொண்டு, பதினாறு வருடம் கழித்து வீட்டையும் எடுத்துக்கொண்டது. சதுரத் தெருக்களில் வரலாறு இல்லை என்கிறீர்களே, அந்தச் சதுரம்தான் வரலாறு. அது மனை விற்பதற்காகப் போட்ட கோடு.

மொயிங்கோனா வேறு காரணத்தால் உண்டான ஊர். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அயோவா தட்டை என்று நினைக்கிறோம். ஆறு போகிற இடத்தில் மட்டும் நிலம் திடீரென்று இறங்குகிறது. டி மொயின் ஆறு பூனுக்கு மேற்கே ஆழமான பள்ளத்தாக்கை வெட்டியிருக்கிறது. 1860களில் அதைத் தாண்டப் பெரிய பாலம் கட்ட யாரிடமும் காசில்லை. ஆகவே பாதையை ஓடைக்கரை வழியாக வளைத்து வளைத்துப் பள்ளத்தில் இறக்கி, ஆற்றை ஒரு தாழ்ந்த பாலத்தில் கடந்து, மறுபடி வளைத்து வளைத்து மேலே ஏற்றினார்கள். இறங்குகிற ரயில் ஏற வேண்டுமே? நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பது நடக்கிறவன் காலுக்குத் தெரியாது. ஆனால் சமதளத்தில் இழுத்த சுமையில் பாதியைக்கூட என்ஜினால் அந்த ஏற்றத்தில் இழுக்க முடியாது. இரும்பு மேல் இரும்பு உருள்வதில் லாபமும் அதுதான், நஷ்டமும் அதுதான். ஆகவே பள்ளத்தில் சில என்ஜின்களை எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். சரக்கு வண்டி வந்ததும் பின்னால் சேர்ந்து மேடுவரை தள்ளிவிட்டுத் திரும்பி வரும். நம் ரயில்காரர்கள் பேங்கர் என்பார்கள். அந்த என்ஜின்களுக்குத் தண்ணீர், நிலக்கரி, ஓட்ட ஆள், கரி அள்ளிப்போட ஆள், பழுது பார்க்க ஆள். அந்த ஆட்களுக்கு வீடு, மளிகை, சாராயக் கடை, சர்ச். பக்கத்திலேயே நிலக்கரியும் வெட்டினார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் மொயிங்கோனா. ஓர் ஏற்றத்துக்காக உண்டான ஊர். ஏற்றம் இருக்கிறவரைக்கும் ஊர் இருக்கும்.

இப்போது அந்த இரவு. கேட் ஷெல்லியின் அப்பா சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் கம்பெனியில் செக்‌ஷன் ஃபோர்மன், அதாவது கேங்மேட், தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆட்களுக்குத் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். ஆற்றுக்குக் கிழக்கே, ஹனி க்ரீக் என்ற ஓடை பக்கத்தில் வீடு. அப்பா 1878இல் இறந்துபோனார். ஒரு தம்பி ஆற்றில் மூழ்கிச் செத்தான். அம்மா நோயாளி. வீட்டையும் தோட்டத்தையும் மூத்த பெண்தான் பார்த்துக்கொண்டாள். 1881 ஜூலை 6 இரவு பேய் மழை. பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்க மொயிங்கோனாவிலிருந்து ஒரு பேங்கர் என்ஜினை நான்கு பேரோடு அனுப்பினார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்த என்ஜின், ஹனி க்ரீக்கில் வெள்ளம் அரித்த மரப்பாலத்தோடு ஓடைக்குள் விழுந்தது. மணி பதினொன்று இருக்கும்.

அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. நள்ளிரவில் மேற்கிலிருந்து பயணிகள் ரயில் வரும் என்பதும் தெரியும். லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடையில் இரண்டு பேர் மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்தாள். எட்ட முடியாது. மேற்கே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால்தான் மொயிங்கோனா ஸ்டேஷன். பாலத்தில் நடைபாதை கிடையாது. யாரும் நடக்கக் கூடாதென்றே ஸ்லீப்பர் கட்டைகளில் முறுக்கிய ஆணிகளை அடித்து வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். லாந்தர் அணைந்துவிட்டது. மின்னல் அடிக்கும்போது பார்த்து, இருட்டில் கையாலும் முட்டியாலும் கட்டை கட்டையாகத் தடவிக்கொண்டு போனாள்.

உண்மையா என்று கேட்டீர்கள். உண்மை. வயது பதினைந்தா பதினேழா என்று மட்டும் சண்டை உண்டு. ரயிலுக்கு எதிரே நின்று விளக்கை ஆட்டினாள் என்பது பின்னால் சேர்ந்த சரக்கு. 200 பேரோடு வந்த ரயில் நின்றது ஸ்க்ரான்டனில். அது மேற்கே வெகு தொலைவு. நடுவில் ஜெஃபர்சன், கிராண்ட் ஜங்ஷன், ஆக்டன் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அந்த 200 பேரில் அவ்வளவு அக்கறை இல்லை. எனக்கு இரண்டு பேர். ஸ்டேஷனில் சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொள்ளவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதே இருட்டில் ஓடைக்குத் திரும்பி வந்து வழிகாட்டினாள். எட்வர்ட் வுட் கயிற்றைப் பிடித்துக் கரையேறினார். ஆடம் ஆகரை வெள்ளம் வடிகிற வரை தொட முடியவில்லை. அதுவரை ஒரு மனிதன் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறான். பேட்ரிக் டானஹ்யூவின் உடல் பின்னால் ஒரு சோளக்காட்டில் கிடைத்தது. ஓம்ஸ்டெட்டின் உடல் கிடைக்கவே இல்லை. சுற்றுலா ரயிலில் இந்த நான்கு பெயர்களில் எத்தனை சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

என் பெரியப்பா ரயில்வேயில் கேங்மேட். அவள் அப்பா பார்த்த அதே வேலை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்தும், நடுராத்திரியில் மழை பிடித்தால் எழுந்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு திண்ணையில் போய் நிற்பார். பெரியம்மா உள்ளேயிருந்து, "உங்களை யார் கூப்பிட்டா? வந்து படுங்க" என்பாள். அவர் பதில் சொல்லாமல், எங்கள் வீட்டிலிருந்து தெரியாத ஒரு பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனை மணிக்கு எந்த வண்டி எந்தப் பாலத்தில் ஏறும் என்பது அந்த வீட்டில் குழந்தைகளுக்கும் தெரியும். எனக்கே தெரியும். மழைச் சத்தத்தில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நாங்களும் போர்வைக்குள் காது கொடுத்துக்கொண்டு கிடப்போம். அதனால்தான் கேட் ஷெல்லியை எல்லோரும் வீராங்கனை என்னும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கேங்மேட் வீட்டுப் பெண் அவள். நள்ளிரவு வண்டி அவள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா செத்து மூன்று வருடமாகியும் அந்த வீட்டில் டியூட்டி முடியவில்லை.

கம்பெனி என்ன கொடுத்தது தெரியுமா? நூறு டாலர், அரை பீப்பாய் மாவு, அரை லோடு நிலக்கரி, ஆயுள் முழுக்க இலவசமாகப் போக ஒரு பாஸ். அயோவா அரசு டிஃபனி நகைக்கடையில் செய்த தங்கப் பதக்கமும் 200 டாலரும் கொடுத்தது. மதுவிலக்கு இயக்கத் தலைவி ஃபிரான்செஸ் வில்லர்டின் உதவியால் சிம்சன் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு வருடம் படித்தாள், அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டின் மேலிருந்த கடனை அடைக்கச் சிகாகோவில் ஒரு நாளிதழ் வசூல் செய்தது. அதாவது, தேசம் முழுக்கப் பாடப்பட்ட பெண்ணின் வீடு அடமானத்தில் இருந்திருக்கிறது. அந்த அரை பீப்பாயை மட்டும் என்னால் தாண்டவே முடியவில்லை. ஒரு முழு பீப்பாய் கொடுத்தால் என்ன? யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து யோசித்து, முழுசு அதிகம், கால் குறைவு, அரை சரியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறான்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 1901இல் கம்பெனி அந்தப் பள்ளத்தாக்கை ஒரே தாவாகத் தாண்டியது. 185 அடி உயரம், 2,685 அடி நீளம், இரட்டைப் பாதை. வடிவமைத்தவர் ஜார்ஜ் மோரிசன். இரட்டைப் பாதைப் பாலங்களில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது என்றார்கள். மேட்டிலிருந்து மேட்டுக்குச் சமதளமாக வண்டி போய்விடும். இறக்கம் இல்லை, ஏற்றம் இல்லை, பேங்கர் வேண்டாம். பேங்கர் இல்லையென்றால் அதை ஓட்டுகிறவன் வேண்டாம், அவன் குடியிருந்த வீடு வேண்டாம், மளிகை வேண்டாம். மெயின் லைன் மேலே போய்விட்டது. மொயிங்கோனா கீழே பழைய வளைவில் நின்றுவிட்டது. அந்தப் பாலத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் பூன் வயடக்ட். ஜனங்கள் அப்படிக் கூப்பிடவில்லை. கேட் ஷெல்லி பாலம் என்றார்கள். அவள் தவழ்ந்த பாலம் இது இல்லை. அவள் ஊரைத் தீர்த்துக்கட்டிய பாலம் இது. அதற்குத்தான் அவள் பெயர்.

இன்னும் இருக்கிறது. 1903இல் கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்தது. ஸ்டேஷன் ஏஜென்ட். எந்த ஸ்டேஷனில்? மொயிங்கோனாவில். தேதியைப் பாருங்கள். பாலம் 1901, வேலை 1903. பெரிய ரயில்களெல்லாம் மேலே பாலத்துக்கு ஏறி இரண்டு வருடம் கழித்து, கீழே அந்த ஸ்டேஷனின் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம் முன்பு எந்த ஸ்டேஷனுக்கு நனைந்து ஓடிவந்தாளோ அதே ஸ்டேஷன். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை 'நன்றிக்கடன்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்க்கிறார்களா என்றால் இல்லை. கருணையாகவும் இருக்கலாம், அவளே வீட்டுப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டும் இருக்கலாம். அவளுக்கு அது பிடித்தும் இருந்திருக்கும். தினமும் வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போவாள். திரும்பும்போது ரயிலை அவள் வீட்டெதிரே நிறுத்தி இறக்கிவிடுவார்களாம். அதெல்லாம் சரி. ஆனால் நான் கதை எழுதுகிறவன். ஒரு நாற்பது வயதுப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளத்தில் ஒரு ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வடக்கே சில மைல் தள்ளி, அவள் தலைக்கு மேல் 185 அடியில், அவள் பெயர் கொண்ட பாலத்தில் ஓமாஹாவுக்கு வண்டி போகிறது. அவள் ஸ்டேஷனில் நிற்காது. அவளுக்குச் சத்தம் கேட்டிருக்குமா? காற்று வடக்கேயிருந்து அடித்தால் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்டது.

1912 ஜனவரியில் இறந்துபோனாள். இறுதிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனி தனி ரயில் விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் போன அக்டோபர் நாளில் மொயிங்கோனாவில் ஒரு நாய் மட்டும் என்னோடு நடந்தது. ஸ்டேஷன் இருந்த இடத்தில் மரத்தால் ஒரு சின்ன ஸ்டேஷன் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பூட்டியிருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். டிக்கெட் ஜன்னல், பெஞ்சு, சுவரில் அவள் படம். தடித்த புருவம், சிரிக்காத வாய். எங்கள் பெரியம்மா சாயல் இருந்தது, அல்லது நான்தான் வலிந்து பார்த்தேன்.

நண்பர் மாலையில் வந்து பாலத்துக்கடியில் கூட்டிப்போனார். இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலம். 2009இல் கட்டியது. சரக்கு வண்டிகளெல்லாம் அதில்தான். பழையது அப்படியே துருப்பிடித்து நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் சத்தம் வராது, புறாக்கள்தான் கிளம்பும். அப்புறம் இரண்டடுக்குக் கன்டெய்னர் வண்டி. எண்ண ஆரம்பித்து எண்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எல்லாம் போய் முடிந்த பிறகும் இரும்பு முனகிக்கொண்டிருந்தது. பாதையோரச் சரளையில் மக்காச்சோள மணிகள் சிதறிக் கிடந்தன. இரண்டு மூன்று முளைத்து, குளிரில் பழுத்து நின்றன. எங்கேயோ பெட்டிக் கதவில் ஒழுகியவை. நீங்கள் விதையியல்காரர், அது எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்டீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா? எந்த மொழியில் பேங்கர் என்ஜினுக்கும் அரை பீப்பாய்க்கும் சொல் கிடைக்கிறதோ அதில் எழுதுங்கள். கட்டுரைக்குப் பூன் ஊரை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரிய ஊர், பன்னிரண்டாயிரம் பேர், முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் மனைவி பிறந்த ஊர் என்று பெருமை பேசும், செப்டம்பரில் ரயில் திருவிழா நடத்தும். அதற்கு எழுத ஆள் இருக்கிறது. நீங்கள் மொயிங்கோனாவுக்குப் போங்கள். இப்போது வேண்டாம், பனி கொட்டிவிடும். ஏப்ரலில் மரங்கள் தழைக்கும் முன்பு போனால், பழைய பாதை ஏறி இறங்கிய மேடு தெரியும். ஸ்டேஷனிலிருந்து ஆற்றுவரை நடந்து எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். முதல் பத்தியில் 'காலப் பயணம்' என்ற சொல் இருந்தால் இரண்டாவது பத்தியைப் படிக்க மாட்டேன்.

குளிர், இருட்டு, தூக்கம். அதை ஏன் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தின் கடைசிப் பத்தியில் வருவதுதான் எப்போதும் கடிதம். ஒரு நல்ல கோட் வாங்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். சமைத்துச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். இதையெல்லாம் உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார், பரவாயில்லை.

அப்புறம் அந்த ரயில் சத்தம். ஏம்ஸ் வழியாகப் போவது பூன் வழியாக வரும் அதே லைன்தான். கிராஸிங் வரும்போது இரண்டு நெடில், ஒரு குறில், ஒரு நெடில் என்று ஊதுவார்கள். காது கொடுத்துக் கேளுங்கள். மேற்கேயிருந்து கிழக்கே போகிற வண்டியாக இருந்தால், இருபது நிமிடம், அரை மணி முன்பு அது அந்தப் பாலத்தின் மேல் இருந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்